நாக்கின் அகலம்

2024 ஆகஸ்டு 23ஆம் தேதி கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி குழிக்குள் விழுந்து காணாமல் போனதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சேலை எடுக்கவும் பூ வாங்கவும் நாம் எத்தனை தடவை நடந்த இடம். ஒன்பது நாள் தேடினார்கள். அதில் ஒரு சாயங்காலம் நான் செந்தூலில் மாமா வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் குழியைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்பைக் காட்டினார்கள். தீயணைப்பு மீட்புப் படையைச் சேர்ந்த ஒருவர் மோப்ப நாயை அதன் ஓரமாக நடத்திப் போனார். அத்தையும் நானும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா மட்டும் நாற்காலியில் முன்னுக்குக் குனிந்து, "நாக்கைப் பாரு பாப்பா. நுனி அகலமாயிடுச்சு. கொஞ்சம் நிறுத்தித் தண்ணி காட்டணும்" என்றார்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "மண்ணுக்குள்ள ஒரு பொம்பள உசுரு கெடக்கு, ஒங்களுக்கு நாய் நாக்குதான் கண்ணுக்குத் தெரியுதா?" மாமா பதில் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அப்போது மனசுக்குள் அத்தை பக்கம்தான் நின்றேன். அந்தப் பெண்ணின் குடும்பம் அங்கே காத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு மாமா சொன்னது காதை விட்டுப் போகவில்லை. எப்படி ஒரு மனிதருக்கு அத்தனை கூட்டத்தில் அது மட்டும் கண்ணில் பட்டது? இன்றுவரை அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

மாமா போலீஸில் மோப்ப நாயோடு வேலை செய்தவர். ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்தப் பிரிவு, எந்த முகாம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. தோட்டத்தில் இருந்த பாட்டிக்கு அந்த வேலை கடைசிவரை பிடிக்கவில்லை. "விடியாலயில எந்திரிச்சு பால் வெட்டிப் படிக்க வச்சேன், நாய் குளிப்பாட்டப் போயிட்டான்" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். எங்களுக்கு மாமா என்றால் ஒரு பழக்கம்தான் ஞாபகம் வரும். அவர் ஏறுகிற காடியில் கண்ணாடி முழுக்க மூடியிருக்கக் கூடாது. குளிர்சாதனம் ஓடினாலும் ஒரு விரல் அளவுக்காவது இறக்கிவிடுவார். புகை வருகிறது என்று அத்தை திட்டுவார். மாமா கேட்டதே இல்லை. பழைய காலத்து ஆள், அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

வீரமரணம் என்ற சொல்

நாய்க் கதைகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மூவாயிரம் கிலோவுக்கும் அதிகமான ஆர்.டி.எக்ஸ் வெடிமருந்தைக் கண்டுபிடித்த சஞ்சீர் என்ற லாப்ரடார், 2000ஆம் ஆண்டு எலும்புப் புற்றுநோயில் இறந்தபோது போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. 2015 நவம்பர் 18ஆம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் செயின்ட் டெனிஸில் நடந்த தேடுதல் வேட்டையில் பிரெஞ்சுப் போலீஸின் டீசல் கொல்லப்பட்டது. அதற்கு ஏழு வயது. ரஷ்யா ஒரு குட்டியை அனுப்பி ஆறுதல் சொன்னது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு நம் நாட்டிலிருந்து டென்டி, பிராங்கி என்ற இரண்டு நாய்கள் போய்த் திரும்பி வந்தன. அதே இடிபாடுகளில் தேடப் போன மெக்சிகோ ராணுவத்தின் புரோட்டியோ திரும்பவில்லை. அதே வருடம் செப்டம்பரில் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரியில் தன்னை நடத்திப்போன சிப்பாயைக் காத்து உயிரை விட்டது கென்ட் என்ற பெண் லாப்ரடார். இவை ஒவ்வொன்றையும் படித்து அழுதிருக்கிறேன். 'வீரமரணம்' என்று தலைப்புப் போட்டு இதே வலைப்பதிவில் எழுதியும் இருக்கிறேன்.

ஆகஸ்டில் நடந்ததற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பசியாற வெளியே அழைத்துப்போனேன். செந்தூல் பாசார் பக்கத்தில் அவருக்குப் பிடித்த கடை. தோசை வருவதற்குள் அந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "நல்லா எழுதியிருக்க" என்றார். பிறகு கோப்பியை ஆற்றிக்கொண்டே, "அதுக்கு வீரம்னா என்னன்னு தெரியாது பாப்பா. மரணம்னா என்னன்னும் தெரியாது. அதுக்குப் பந்து தெரியும்" என்றார்.

அவர் அதைக் குறைவாகச் சொல்லவில்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குட்டியாக இருக்கும்போதே விளையாட்டுப் பந்தோடு அந்த வாடையைச் சேர்த்துப் பழக்குகிறார்கள். வாடை எங்கே இருக்கிறதோ அங்கே பந்து கிடைக்கும். வெடிமருந்தோ கஞ்சாவோ மனிதன் ஓடிய தடமோ, நாய்க்கு எல்லாம் ஒன்றுதான், கடைசியில் பந்து. குழிக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்ற பாரம் அதற்கு இல்லை. அந்தப் பாரத்தைச் சுமப்பவர் கயிறு பிடித்திருப்பவர். "அது என்னை நம்பி விளையாடுது. நான்தான் அதை ஆபத்துக்குள்ள அனுப்புறேன். அப்புறம் அது செத்துப்போனா, தியாகம் பண்ணுச்சுன்னு சொல்லிட்டா எனக்குச் சுலபமா போயிடுமில்ல?"

2007இல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். திருட்டு டிவிடியை மோப்பம் பிடிக்க லக்கி, புளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடார்களை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவை பிடித்துக் கொடுத்த சரக்கைப் பார்த்துவிட்டு, அவற்றின் தலைக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை விலை வைத்திருக்கிறார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அந்தச் செய்தி நம் எல்லாருக்கும் பெரிதாகத் தெரிந்தது. மாமாவைக் கேட்டால், நாயோடு வேலை செய்கிறவன் ராத்திரி தூக்கத்தில் பயப்படுவது அதற்கு இல்லை என்கிறார். சாப்பிட்ட வயிற்றோடு ஓடினால் பெரிய மார்பு உள்ள நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். செம்பனைத் தோட்டத்தில் எலி உண்டு, எலிக்காக நாகம் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கினால் காய்ச்சல். எல்லாவற்றுக்கும் மேலே வெயில். "நீ எழுதின நாயில எத்தனை வெயில்ல செத்துச்சு?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை.

தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் பணியில் இறந்த போலீஸ் நாய்களின் பெயர்களை ஆண்டுவாரியாகப் பதிந்து வைக்கிறார்கள். சுடப்பட்டவை அதில் இருக்கின்றன. வெப்பத்தால் இறந்தவை என்ற வரிசையும் பக்கத்திலேயே நீளமாகப் போகிறது. அவற்றில் பல, நிறுத்தி வைத்திருந்த ரோந்துக் காரில் குளிர்சாதனம் நின்றுபோய் இறந்தவை. அந்த நாய்களுக்கு யாரும் படம் வரைந்து அனுப்புவதில்லை. நானும் இத்தனை வருடம் அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

ஜூனோ

அவளைப் பற்றி மாமா அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை. அத்தையிடமே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாராம். தோசை ஆறிப்போனது. பையன் வந்து தட்டை எடுக்கவா என்று கேட்டுவிட்டுப் போனான். மாமா சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

1996. ஜூனோ ஜெர்மன் ஷெப்பர்டு, நான்கு வயது. பாட்டி வாயில் அது 'சூனா'. அன்று காலையிலேயே ஓரிடத்தில் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் தகவல் வந்தது. நகைக் கடையில் கொள்ளையடித்துவிட்டு ஒருவன் கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். முந்தின இரவு நல்ல மழை. பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தரையிலிருந்து ஆவி கிளம்பியது. செம்பனைக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், மட்டை கூடாரம் போட்ட மாதிரி மேலே மூடிக்கொள்ளும், நிழல் இருக்கும், ஆனால் காற்று உள்ளே வராது.

நமக்கு வேர்க்கும். நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வேர்வை கிடையாது. நாக்கை நீட்டி இரைத்து, அந்த ஈரம் காற்றில் ஆவியாகிப் போனால்தான் உடம்புச் சூடு தணியும். காற்றே ஈரமாக இருந்தால் எங்கே ஆவியாகும்? நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்பு கெட ஆரம்பித்துவிடும். இடையில் இருப்பது இரண்டே டிகிரி. அதைத்தான் நாக்கைப் பார்த்துப் படிக்கிறார்கள். நாக்கு நுனி கரண்டி மாதிரி விரிந்து, ஓரம் மேலே சுருண்டால் நிறுத்த வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்தில் ஜூனோ பையைக் கண்டுபிடித்தாள். வெட்டிக் குவித்திருந்த மட்டைக்கு அடியில் செருகி வைத்திருந்தான். அதன் முன்னால் படுத்து மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா பந்தை எறிந்தார். அவள் கவ்வினாள். "அதுதான் மொதத் தப்பு" என்றார் மாமா. வாயில் பந்து இருந்தால் நாய்க்குச் சரியாக இரைக்க முடியாது. மற்ற நாளில் அது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு அந்த நான்கைந்து நிமிடமும் அவளுக்குத் தேவைப்பட்டது. ஆசை ஆசையாகக் கடித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை.

ஆள் பக்கத்தில்தான் இருப்பான், தொடர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்ல மாமாவுக்கு உரிமை இருந்தது. நாயைப் பற்றிய முடிவு நாய்க்காரனுடையது, அதை யாரும் மீறமாட்டார்கள். மாமா அவளைப் பார்த்தார். நாக்கு விரிந்திருந்தது. அதைப் பார்த்தார், பார்த்ததை இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் ஜூனோ அதற்குள் பந்தைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தாள். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, போகலாம் வா என்கிற மாதிரி.

"அவளுக்கு ஆசை இருந்துச்சு பாப்பா. நான் அதையே அனுமதின்னு எடுத்துக்கிட்டேன்."

இந்த இடத்தில் மாமா நிறுத்திவிட்டார். மேசையில் சிந்தியிருந்த கோப்பியை விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட நாய் தானாக நிற்காது, நிற்காத குட்டியாகப் பார்த்துத்தான் பொறுக்கியெடுக்கிறார்கள், நிற்காமல் இருக்கத்தான் வருடக்கணக்காகப் பழக்குகிறார்கள், அதனால் நிறுத்துவது முழுக்க முழுக்கக் கயிற்றின் இந்தப் பக்கம் இருப்பவன் வேலை என்று எனக்கு விளக்கினார். விளக்கிய குரல் புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் பாடம் எடுப்பது மாதிரி இருந்தது. ஓய்வு பெறும்வரை புதுசாக வந்த ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதல் நாள் சொன்னாராம். எந்த நாயை நினைத்துச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னதில்லை.

இன்னும் அரை மணி நேரம் போனார்கள். பிறகு பின்னங்கால் தள்ளாடியது. ஜூனோ கயிற்றை விட்டு விலகி ஒரு மரத்தடிக்குப் போய், ஈர மண்ணைக் காலால் பறித்து அதற்குள் வயிற்றை வைத்துப் படுத்தாள். வேலையில் இருக்கும்போது அவள் அப்படிப் படுத்ததே கிடையாது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் கயிறு மாதிரி கெட்டியாகத் தொங்கியது. இருந்த தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றினார்கள். குடிக்கவில்லை. இருபத்தெட்டு கிலோவை மாமா தோளில் போட்டுக்கொண்டு வேன்வரை ஓடினார். ஈரத் துண்டை உடம்பு முழுக்கப் போர்த்தினார். வேன் கதவையும் கண்ணாடியையும் மூடி, நாற்பது நிமிடம்.

ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது கம்பளி மாதிரி சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே காற்று ஓட வேண்டும், முதலில் குளிரவைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். இன்று எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்லுவார். அன்று மாமாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருக்கும்போது, பாடம் நடத்தியவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போன ஒரு வரியில்தான் தெரிந்துகொண்டாராம். "எழுந்து வெளிய போயிட்டேன்" என்றார். எனக்குக் காடிக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

சாயங்காலம் ஜூனோ எழுந்து உட்கார்ந்தாள். மாமாவின் கையை நக்கினாள். பிழைத்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வெப்பம் தாக்கிய நாய் அப்படித்தான் ஏமாற்றும். குடலும் இரத்தமும் உள்ளே கெட்டுப்போயிருக்கும். நள்ளிரவுக்கு மேல் இரத்தமாகப் போக ஆரம்பித்தது. வயிற்றில் முடி குறைந்த இடத்தில் கருநீலப் புள்ளிகள் தெரிந்தன. விடிவதற்குள் போய்விட்டாள். மூன்று நாள் கழித்து ஆள் வேறு ஊரில் அகப்பட்டான். கோப்பில் ஜூனோவுக்கு ஒரே ஒரு வரி.

வேனை ஓட்டிவந்தவர் மாமாவோடு சேர்ந்த காலத்திலிருந்து இருந்த ஒரு மலாய் நண்பர். தினமும் வேலை முடிந்ததும் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில், நாயைத் தொட்டதற்கு இஸ்லாமிய முறைப்படி கழுவுகிற சமாக் செய்துவிட்டுத்தான் தொழுகைக்குப் போவார். அன்று குழியைத் தோண்டியவர் அவர்தான். மாமாவை மண்வெட்டியைத் தொட விடவில்லை. முடிந்ததும் குழி ஓரத்து மண்ணையே எடுத்துக் கரைத்துக் கை கழுவினாராம்.

கோவிவன்

மாமா சொன்னதை ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. புகழ்ச்சி வேண்டாம், தண்ணீர் போதும் என்கிறார். எனக்கு அது போதவில்லை. அடுத்த வாரம் போனபோது எடுத்தனூர் நடுகல்லின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பது, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பின்னால் அவன் நாய் நிற்கிறது. வீரனுக்கு எழுதியது போலவே நாய்க்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "பேரு போட்டுருக்கானா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "வேற ஒண்ணும் எழுதல, என்ன செஞ்சுதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கான்" என்றார். அந்தக் கல்லைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. தியாகம் என்று ஒரு சொல் அதில் கிடையாது. பெயர், செய்த வேலை, அவ்வளவுதான். அப்படி எழுதுவதை மாமாவும் மறுக்கமாட்டார் என்று அன்று தெரிந்தது. நான் எழுதியிருந்த பதிவில் டீசலுக்கும் கென்டுக்கும் உரிச்சொற்கள்தான் அதிகம் இருந்தன.

சட்டத்தைப் பற்றியும் பேசினோம். இங்கிலாந்தில் 2016இல் ஃபின் என்ற போலீஸ் நாயைக் கத்தியால் குத்தியபோது, அதைப் பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றமாகத்தான் பதிய முடிந்தது. மக்கள் விடாமல் போராடி 2019இல் சட்டத்தை மாற்றினார்கள். நம் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில், கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, கத்தி எடுத்தவனைக் கேட்க வழி இருக்கிறது. மத்தியான வெயிலை யார் கேட்பது? அங்கே அந்த நாய்க்கு இருப்பது ஒரே ஒருவரின் கண். அந்தக் கண் தன் நாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது. பத்தாங்காலியில் 2022 டிசம்பரில் மண் சரிந்து 31 பேர் இறந்தபோதும், அந்தச் சேற்றில் நாய்கள் இறங்கின. நானும் அந்தக் காட்சிகளைப் பார்த்தேன். கயிறு பிடித்திருந்தவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை.

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் பணியில் இறந்த ஒரு போலீஸ் நாய், கழுத்தில் மாலை, பின்னால் கொடி, கீழே 'வீரவணக்கம்'. எந்த ஊர், எந்தத் தேதி, நாயின் பெயர் என்ன, எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் பதினைந்து பேர் கைகூப்பினார்கள். பண்டிகை வாழ்த்துக்குக்கூடப் பதில் எழுதாத மாமா, அன்று எழுதினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருக்க வேண்டும், 'எழுதுகிறார்' என்று நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தது.

"இது பேரு என்ன? அன்னிக்கு வெயில் எவ்வளவு?"